அனாதைப் பாதைகள்

ஜப்பான் தேசத்துப் போலீஸ் தலைமை இலாகா வருஷந்தோறும் ஓர் அறிக்கை வெளியிட்டு வருகிறது. முந்திய வருஷத்தில் மலையேறச் சென்று ஆபத்துக்குள்ளானவர் எத்தனை பேர், எதனால் உள்ளாயினர், பிழைத்தவர் எத்தனை, மாண்டவர் எத்தனை என்னும் கணக்கு அதில் இருக்கும். 2022-ம் வருஷத்தில் 3,015 சம்பவங்களில் 3,506 பேர் அகப்பட்டுக்கொண்டனர். இறந்தவரும் காணாமற்போனவருமாக அவர்களில் 327 பேர். 2023-ல் சம்பவங்கள் 3,126. அகப்பட்டவர் 3,568 பேர். திரும்பாதவர் 335 பேர். 2024-ல் தொகை சற்றுக் குறைந்தது. மலையாபத்து என்றதும் பனிச்சரிவும் செங்குத்துப் பாறையும் நம் மனக்கண் முன் வந்து நிற்கின்றன. ஆனால் காரணங்களின் வரிசையில் முதலிடம் பெற்றிருப்பது அவ்விரண்டும் அல்ல, வழி தவறுதலேயாகும். 2022-ல் நூற்றுக்கு 36 பேருக்கு மேல் இக்காரணத்தாலேயே அகப்பட்டவர்கள். அடுத்த வருஷத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்.

இவ்வறிக்கை வெளியானவுடன் உத்தியோகஸ்தர்களும் பத்திரிகைகளும் ஒரே குரலில் சொல்லுவது யாதெனில், ஜனங்கள் ஜாக்கிரதையின்றி மலைக்குப் போகிறார்கள் என்பதுதான். வரைபடம் கொண்டுபோவதில்லை, தனியே போகிறார்கள், வயதை மறந்து போகிறார்கள் என்று குற்றப் பட்டியல் நீளுகிறது. இதில் உண்மை இல்லாமலில்லை. அகப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றேறக்குறைய அறுபது வயதைக் கடந்தவர்கள். தனியே சென்றவர்களில் மாண்டவர் விகிதம் கூட்டமாய்ச் சென்றவர்களைவிட அதிகம். டோக்கியோ நகரத்தை அடுத்த தக்காவோ மலையின் உயரம் 599 மீட்டர்தான். சிறு குழந்தைகளும் ஏறி இறங்கும் அந்தக் குன்றிலேயே 2023-ல் நூற்றுக்கு மேற்பட்டோர் ஆபத்துக்குள்ளாயினர் என்றால், அஜாக்கிரதையே இல்லை என்று யார் வாதாடுவார்?

ஆயினும் இவ்விஷயத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. வழி தவறினான் என்கிறார்களே, வழி அங்கே இருந்ததா?

மலையில் ஒருவன் வழி தவறும் விதத்தைச் சிறிது கவனிப்போம். அவன் கையில் சர்க்கார் வரைபடம் இருக்கிறது. அதில் புள்ளி புள்ளியாய் ஒரு நடைபாதை குறிக்கப்பட்டிருக்கிறது. அது எந்த வருஷத்தில் நடமாட்டமுள்ள பாதையாயிருந்ததோ, வரைபடம் அதைச் சொல்லாது. முதல் ஒரு மணி நேரம் பாதை நன்றாகவே இருக்கும். பிறகு சாசா என்னும் குட்டை மூங்கில் ஆளுயரம் வளர்ந்து பாதையை மூடிக்கொள்கிறது. அதை விலக்கிக்கொண்டு அப்பால் வந்தால், வரிசையாய் நட்ட சுகி மரக்காடு. அடியில் புல் பூண்டு முளைக்காத அக்காட்டில் எங்கே பார்த்தாலும் பாதை போலவே தோன்றும். மரங்களில் இளஞ்சிவப்பு நாடாக்கள் கட்டியிருக்கும். அவற்றைக் கண்டு மனம் தேறி அவன் பின்தொடர்கிறான். அந்த நாடா மலையேறுவோருக்காகக் கட்டப்பட்டதாகவும் இருக்கலாம். மரம் வெட்டுவோர் தங்கள் எல்லையைக் குறிக்கக் கட்டியதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நிறம் ஒன்றே.

இன்னொரு சூக்ஷுமமும் உண்டு. ஏறும்போது மலைமுதுகுகள் யாவும் உச்சியை நோக்கி ஒன்று சேருகின்றன. எதைப் பிடித்து ஏறினாலும் உச்சி வந்துவிடும். இறங்கும்போதோ ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பிரிகின்றன. ஓரிடத்தில் ஓரடி தவறினால் வேறொரு பள்ளத்தாக்கில் போய் விழவேண்டியதுதான். அந்தி சாய்கிறது. திரும்பி மேலே ஏறவேண்டும் என்பது நூல்கள் சொல்லும் புத்தி. களைத்த கால்களோ கீழ்நோக்கியே இழுக்கின்றன. நீரோசை கேட்கிறது, நீர் போகும் வழியே போனால் ஊர் வரும் என்று மனம் சொல்லுகிறது. ஓடையில் இறங்குகிறான். ஓடை ஓர் அருவித் தலைப்பில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கீழே குதிக்க முடியாது. வந்த வழுக்குப்பாறையில் ஏறவும் முடியாது. கைபேசிக்கு அந்தப் பள்ளத்தில் அலை எட்டாது. கோடையானாலும் நனைந்த துணியோடு மலையில் இரவைக் கழிப்பவனுக்குக் குளிரே எமனாகிறது. இவன் செய்த குற்றம் யாது? சர்க்கார் அச்சிட்ட கோட்டை நம்பியதே.

அந்தக் கோடுகள் பொய்யாய்ப் போனதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. ஜப்பானிய மலைப்பாதைகள் உல்லாசப் பிரயாணிகளுக்காக ஏற்பட்டவை அல்ல. அவை கரி சுடுவோர் கரி மூட்டை சுமந்த பாதைகள். மரம் வெட்டுவோரும் கோயில் யாத்திரிகரும் மிதித்து உண்டாக்கியவை. ஒரு கிராமத்தார் மறு கிராமத்தில் பெண் கொடுத்து வாங்கப் போய்வந்த கணவாய்கள். 1950-களிலும் 1960-களிலும் அடுப்புக்கு எரிவாயுவும் எண்ணெயும் வந்தன. கரி சுடும் தொழில் அழிந்தது. யுத்தத்துக்குப் பின் சர்க்கார் ஊக்கத்தினால் மலையெங்கும் சுகியும் ஹினோக்கியும் நடப்பட்டன. இன்று ஏறக்குறைய ஒரு கோடி ஹெக்டேர், அதாவது நாட்டுக் காட்டில் பத்தில் நான்கு பங்கு, இவ்வாறு கையால் நட்ட காடு. நட்ட மரம் முற்றுமுன்பே 1964-ல் அயல்நாட்டு மர இறக்குமதிக்குத் தடையெல்லாம் நீங்கிற்று. 2002 வாக்கில் ஜப்பானின் மரத் தேவையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உள்நாட்டு மரம் இருந்தது. பின்னர் அது ஓரளவு மீண்டது உண்மை. ஆனால் மலைக்கிராமத்து வாலிபர் பட்டணம் போய்விட்டனர். மிஞ்சிய கிழவர்களும் ஒவ்வொருவராய் மறைகின்றனர். மிதிக்கும் கால் இல்லாவிட்டால் பாதை ஐந்தாறு மழைக்காலத்துக்குமேல் நிற்காது. வரைபடத்தில் மட்டும் அதற்குச் சாவு இல்லை.

சரி, இப்பாதைகளைப் பராமரிக்க வேண்டியவர் யார்? இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. தேசியப் பூங்காச் சட்டம் 1931-ல் ஏற்பட்டது. 1934-ல் முதற்பூங்காக்கள் அமைந்தன. ஆனால் அந்நாட்டில் தேசியப் பூங்கா என்றால் நிலம் முழுவதும் பூங்கா இலாகாவின் சொத்து என்று பொருளல்ல. மரம் வனத்துறையுடையதாயிருக்கலாம், நிலம் கோயிலுடையதாகவோ தனிமனிதனுடையதாகவோ இருக்கலாம், விதிகளைச் செய்வது சுற்றுச்சூழல் அமைச்சு. பாதை இம்மூவருக்கும் நடுவே கிடக்கிறது. சில பாதைகளை மாகாண சர்க்கார் முறைப்படி ஏற்றுக்கொண்டிருக்கிறது. பலவற்றுக்குப் பொறுப்பாளர் என்று எழுத்தில் எவருமே இல்லை. பூங்காவுக்குப் புறத்தேயுள்ள சிறு மலைகளின் கதியைச் சொல்லவேண்டுவதில்லை.

பொறுப்பேற்க ஏன் தயங்குகிறார்கள் என்பதும் மறைபொருளல்ல. 2003-ம் வருஷம் அமோரி மாகாணத்தில் ஒயிராசே என்னும் அழகிய ஓடைக்கரையில், உயரத்திலிருந்து முறிந்து விழுந்த மரக்கிளையொன்று பிரயாணியான ஒரு பெண்மணிக்குப் பெருங்காயம் விளைவித்தது. வழக்கு நடந்தது. மத்திய சர்க்காரும் மாகாண சர்க்காருமே உத்தரவாதிகள் என்ற தீர்ப்பு 2009-ல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியாயிற்று. நஷ்டஈடு சுமார் 19 கோடி யென். அப்பெண்மணிக்குக் கிடைத்த நீதியில் நாம் குறை காணவில்லை. ஆனால் அத்தீர்ப்பைப் படித்த உத்தியோகஸ்தர் எவரும், “இந்தப் பாதை எங்களுடையது” என்று கையெழுத்திட இருமுறை யோசிப்பார் என்பதும் நிச்சயம். பாதைக்கு உடையவன் என்று தெரிந்தால் வழக்கு. தெரியாவிட்டால் வழக்கு இல்லை. ஆகவே, அனாதையாகவே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவது அதிகார வர்க்கத்துக்குச் சௌகரியமாய்ப் போயிற்று. சட்டத்தின் கருணை இவ்விதமாக மலையில் கொடுமையாய் முடிகிறது.

அப்படியானால் வடக்கு ஆல்ப்ஸ் என்று அழைக்கப்படும் உயர்மலைத் தொடரில் பாதைகள் இன்றளவும் நடக்கத்தக்கனவாய் இருப்பது எப்படி? மலைவிடுதிக்காரர்களால்தான். வழிப்போக்கருக்குச் சோறும் படுக்கையும் கொடுத்துப் பிழைக்கும் அவர்கள், சட்டம் சொல்லாவிட்டாலும், பனி உருகியதும் மண்வெட்டியோடு புறப்பட்டுச் சரிந்த இடத்தைக் கட்டுகிறார்கள். பாறைகளில் வட்டமும் அம்பும் வரைகிறார்கள். இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது 2019-ல் வெளிப்பட்டது. விடுதிகளுக்கு அரிசியும் எண்ணெயும் சுமக்கும் ஹெலிகாப்டர் அவ்வருஷக் கோடையில் பழுதுற்று நின்றது. பல விடுதிகள் தத்தளித்தன. அப்போது குமோனோதைரா விடுதிக்காரர் தம் தொழிலின் கஷ்டத்தோடு நில்லாமல், பாதைகளின் பொறுப்பை இனி யார் வகிப்பது என்ற கேள்வியையே பகிரங்கமாய் எழுப்பினார். 2021-ல் அத்தொடரின் தெற்குப் பகுதியில் மலையேறுவோரிடம் தலைக்கு 500 யென் நன்கொடை கேட்டுப் பார்க்கும் ஏற்பாடு தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் நன்கொடை நன்கொடைதான், அது கடமையாகாது.

கைவிட்ட பாதையை மீட்கவே முடியாதென்று எவரேனும் சொன்னால் அவருக்கு இத்தோ பாதையைக் காட்டலாம். 1956-ல் இத்தோ ஷோயிச்சி என்னும் விடுதிக்காரர், யூமாத்தா ஆற்றின் வழியே தம் மிட்சுமாத்தா விடுதிக்குச் சுருக்குவழியொன்றைத் தம் முயற்சியாலேயே வெட்டினார். ஆற்றின்மேல் தொங்குபாலங்கள் போட்டார். எரிமலையின் கந்தகக் காற்று அப்பாலங்களின் இரும்பை அரித்தது, கரைகள் சரிந்தன. 1983-ல் பாதை மூடப்பட்டது. நாற்பது வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில், அவருடைய புதல்வர் பாலங்களை மறுபடி நிறுவிப் பாதையைத் திறந்தார். பணத்தில் ஒரு பகுதி பொதுஜனங்கள் மனமுவந்து கொடுத்தது. இன்றும் அது எளிய வழியன்று. தலைக்கவசம் வேண்டும், ஆற்றில் இறங்கி நடக்கவேண்டும். ஆயினும் இன்னாருடைய பாதை, இவ்வளவு கடினம் என்பது போகிறவனுக்கு முன்கூட்டியே தெரியும். நாம் கேட்பதும் அவ்வளவே.

புஜி மலையின் நிலைமையை இதனோடு வைத்துப் பார்க்கலாம். உலகமெல்லாம் அறிந்த அம்மலையில் 2024-ல் யமனாஷி மாகாணம் 2,000 யென் கட்டணம் விதித்தது. 2025-ல் யமனாஷி, ஷிஸுவோக்கா ஆகிய இரு மாகாணங்களும் தலைக்கு 4,000 யென் வாங்கின. அங்கே வாசல் உண்டு, காவலாள் உண்டு, வழிகாட்டிப் பலகை உண்டு. பேர் பெற்ற மலைக்குப் பணம் சேருகிறது. பேரில்லாத மலைக்குப் பிணம் தேடும் கூட்டம் போய்ச் சேருகிறது. சைத்தாமா மாகாணமோ 2018 ஜனவரி முதல், குறிப்பிட்ட சில மலைகளில் ஹெலிகாப்டரில் மீட்கப்படுவோரிடம் கட்டணம் வசூலிக்கலாயிற்று. தொடக்கத்தில் ஐந்து நிமிஷப் பறப்புக்கு 5,000 யென். வரிப்பணம் வீணாகாமல் காக்கும் நோக்கத்தை நாம் புரிந்துகொள்கிறோம். ஆனால் பாதையைக் காக்காத சர்க்கார், பாதை தவறியவனிடம் மட்டும் பில் நீட்டுவது எந்த தர்மம்?

மலையேற்றத்தில் ஊறிய சிலர் இதற்கு ஆக்ஷேபம் சொல்வார்கள். மலை மலையாகவே இருக்கட்டும். எங்கும் பலகையும் படிக்கட்டும் வைத்தால் மலை என்னாவது? தன் உயிருக்குத் தானே பொறுப்பென்று ஏறுவதல்லவா மலையேறுவதன் சிறப்பு? இந்த வாதத்தை நாம் மதிக்கிறோம். எல்லாப் பாதையையும் காப்பாற்ற ஜப்பானிடம் ஆள் இல்லை என்பதும் தெரிந்ததே. ஆகவே, சிலவற்றைக் கைவிடத்தான் வேண்டும். ஆனால் கைவிடுவதை வெளிப்படையாய்ச் செய்யவேண்டும். செத்த பாதையை வரைபடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். அதன் தலைப்பில், இது இப்போது பாதையல்ல என்று ஒரு பலகை நடவேண்டும். அதற்கு அப்பாலும் போகிறவன் அறிந்து போகிறான். அவனுடைய சுதந்திரத்தை யாரும் பறிக்கவில்லை. அறியாமல் போகிறவனையும் அவனையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் தவறு.

சர்க்காரின் நில அளவை நிலையத்தார் இவ்விஷயத்தில் ஒன்று செய்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. மலையேறுவோரின் கைபேசிகளில் பதியும் நடைச்சுவடுகளை, அவற்றைத் திரட்டும் கம்பெனிகளிடமிருந்து பெற்று வரைபடத்தின் நடைபாதைகளைத் திருத்த 2017-ல் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். மிதித்த கால்களே வரைபடத்தைத் திருத்துவது நியாயமான முறைதான். ஆனால் இதிலும் எச்சரிக்கை வேண்டும். வழி தவறி அலைந்தவனுடைய சுவடும் கைபேசியில் சுவடாகவே விழுகிறது. பத்துப் பேர் ஒரே இடத்தில் தவறினால் அங்கே ஒரு பாதை இருப்பதாகவே பதினோராவது ஆள் நம்புவான். தலத்துக்குப் போய்ப் பார்த்துவரும் மனிதனின் கண்ணுக்கு ஈடாக யந்திரம் எதுவும் இன்னும் வரவில்லை.

திரும்பாதவர்களின் குடும்பங்களைப் பற்றி அறிக்கையில் பத்தி கிடையாது. ஜப்பானிய சிவில் சட்டப்படி, உடல் அகப்படாத ஒருவனை மாண்டவனாகக் கோர்ட்டார் தீர்மானிக்கச் சாதாரணமாக ஏழு வருஷம் செல்லவேண்டும். போர், கப்பற்சேதம் போன்ற பேராபத்துக்களில் மட்டும் ஒரு வருஷம் போதும். மலையில் வெறுமே வழி தவறி மறைந்தவனை இந்த இரண்டாம் வகையில் சேர்ப்பது எளிதன்று. அதுவரை அவன் சட்டத்தின் கண்ணில் உயிரோடிருக்கிறான். வீட்டுக்கடன் தவணை நிற்பதில்லை. இன்ஷூரன்ஸ் பணம் வருவதில்லை. மனைவி விதவையுமல்ல, சுமங்கலியுமல்ல. போலீஸார் சில நாட்களில் தேடுதலை நிறுத்திக்கொண்ட பிறகு, விடுமுறைதோறும் தாமே மலைக்குச் சென்று புதரைக் கிளறும் பிள்ளைகளும் சகோதரரும் உண்டு. அவர்கள் கையிலுள்ளதும் அதே புள்ளிக்கோட்டு வரைபடம்தான்.

டோக்கியோ சட்டசபையார் இதற்குப் பெரிய மசோதா ஒன்றும் கொண்டுவர வேண்டியதில்லை. சர்க்கார் வரைபடத்திலுள்ள ஒவ்வொரு மலைப்பாதைக்கும் நேரே, பராமரிப்பவர் பெயரையும் கடைசியாகப் பார்வையிட்ட வருஷத்தையும் எழுதி ஒரு ஜாபிதா வெளியிடட்டும். பெயர் இல்லாத இடத்தில், பெயர் இல்லை என்றே எழுதட்டும். பொறுப்பேற்கும் மாகாணத்துக்கும் விடுதிக்கும் இயற்கையால் நேரும் விபத்துக்களில் எந்த அளவுக்கு உத்தரவாதம் என்று சட்டத்தில் ஒரு வரம்பு கட்டட்டும். ஹெலிகாப்டர் கட்டணத்தைப் பற்றிய பேச்சை அந்த ஜாபிதா வெளியான பிறகு வைத்துக்கொள்ளலாம்.