வழிநூலும் போலியும்

தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே சிட்டிலிங்கி என்னும் பள்ளத்தாக்கு உளது. ஆங்குள்ள தண்டாக்களில் லம்பாடி மக்கள் வாழ்கின்றனர். எருதுகளின் முதுகில் உப்பும் தானியமும் ஏற்றி நாடெங்கும் வாணிகம் செய்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இவர்தம் பெண்டிர் பண்டு உடுத்த ஆடைகளில் கண்ணாடித் துண்டும் சோழியும் பதித்துப் பலவண்ண நூலால் பூவேலை செய்திருப்பர். அவ்வுடை வழக்கொழிந்தபின் அவ்வூசித் தொழிலும் இரண்டு தலைமுறையாகக் கைவிடப்பட்டது.

1993-ல் தம் கணவருடன் அங்கு மருத்துவப் பணி தொடங்கிய மருத்துவர் லலிதா ரெஜி, 2006-ஆம் ஆண்டளவில் இத்தொழிலை மீட்க முற்பட்டார். தொழில் அறிந்த மூதாட்டியர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். இளம்பெண்கள் அவர்களிடம் அமர்ந்து, பழைய ஆடைகளை விரித்து வைத்துக்கொண்டு, தையலுக்குத் தையல் பார்த்துப் போட்டுப் பழகினர். அவ்வாறு எழுந்த அமைப்புக்குப் 'போர்கை' என்பது பெயர். அவர்தம் மொழியில் அதற்குப் பெருமிதம் என்பது பொருள்.

இங்ஙனம் பார்த்துப் போடுதல் குற்றமோ எனின், அன்று. நன்னூலார் நூலை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுத்தார். முன்னோர் நூலின் பொருளைத் தழுவி, பின்னோன் தான் கருதிய வேறுபாட்டையும் சேர்த்து இயற்றுவது வழிநூல். அதனை இழிந்ததென்று எவரும் ஒதுக்கவில்லை. கம்பரின் இராமகாதையே வழிநூல் அன்றோ! பழைய ஆடையில் இருந்த தையல் இன்று பையிலும் தலையணை உறையிலும் புதிய வண்ணத்தோடு வந்து அமர்கிறது. பாட்டியின் துணியை அப்படியே படியெடுத்துக் கொண்டிருப்பவளினும், கற்றபின் தன் மனம் நாடிய வண்ணத்தைச் சேர்ப்பவளே அப்பாட்டிக்கு நெருங்கியவள். பாட்டியும் தன் நாளில் அதைத்தானே செய்திருப்பாள்?

கடைத்தெருவில் விற்கும் அச்சுத்துணியின் கதை வேறு. கண்ணாடியும் தையலும் இருப்பன போல் எந்திரம் சாயத்தால் காட்டிவிடுகிறது. அதனை அச்சுத்துணி என்றே விற்பின் வழக்கில்லை. எளியோரும் அழகிய துணி உடுக்கட்டும். கைவேலை எனச் சொல்லி விற்கும்போதுதான், நாட்கணக்கில் ஊசி பிடித்தவளின் கூலி பறிபோகிறது. மலிவானதைக் கண்டு பழகியவர் மெய்யான கைவேலையின் விலையைக் கேட்டுக் கொள்ளை என்பர்.

பறிபோவது கூலி மட்டுமன்று. 19-ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சால்வைகளைப் பார்த்து, ஸ்காத்துலாந்தின் பெயிஸ்லி நகரத்தார் தறியில் நெய்து மலிவாக விற்றனர். நம் காஞ்சிப் பட்டின் கரையில் மாங்காய் என்று வழங்கும் அவ்வடிவுக்கு ஆங்கிலம் பேசும் நாடுகளில் இன்றும் பெயிஸ்லி என்பதே பெயர். காசுமீரத்தான் பெயரை அங்கு யார் அறிவார்?

சட்டம் ஓரளவே துணை நிற்கிறது. 1999-ல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்ச் சண்டூர் லம்பாணிப் பூவேலையும் நீலகிரித் தோடர் பூவேலையும் பதிவு பெற்றுள்ளன. ஆயினும் அச்சட்டம் காப்பது பெயரையே, வடிவை அன்று. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டமோ புதிய வடிவுக்கே உரிமை தரும், அதுவும் மிகுதியாகப் 15 ஆண்டுகளுக்கு. மூதாதையர் விட்டுச்சென்ற கோலம் புதியதன்று என்பதனாலேயே அதற்கு அங்கே இடமில்லை.

சட்டம் செய்யாததை வணிகரின் நேர்மைதான் செய்தல் வேண்டும். சிறப்புப் பாயிரம் உரைக்கவேண்டிய செய்திகளை எண்ணும் நன்னூல், ஆக்கியோன் பெயரை முதலிலும், நூல் வந்த வழியை அடுத்தும் வைத்தது. துணிக்கும் அவ்விரண்டும் போதும். ஆடையின் உட்புறம் ஒரு சிறு சீட்டுத் தைக்கப்பட்டுள்ளது. எவ்வாறு துவைப்பது, எவ்வளவு சூட்டில் தேய்ப்பது என்பனவெல்லாம் அதில் அச்சாகின்றன. யார் கை செய்தது, எவ்வூர்க் கலையைத் தழுவியது என்று இன்னும் இரண்டு வரி சேர்க்க அச்சீட்டில் இடமுண்டு.