பூட்டக் கற்றோம், திறக்கக் கற்பித்தோமா?



தோட்டத்து லயன் வீடுகளை விட்டு வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிவிட்ட நம்மவர்களுக்கு மகிழுந்து இன்று அன்றாடத் தேவையாகிவிட்டது. லோபாக்கிலும் சிரம்பான் சுற்றுவட்டாரத்திலும் பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வருவதும் போவதும் அதில்தான். சாலை விளக்கில் நிற்கும்போது கதவைத் திறந்து கைப்பையைப் பறித்துச் செல்லும் கயவர்களுக்கு அஞ்சி, ஏறியவுடன் ‘சென்ட்ரல் லாக்’ எனப்படும் மையப்பூட்டை அழுத்துகிறோம். அது தேவையான பழக்கமே. ஆனால், வெளியிலிருந்து வரும் ஆபத்தைத் தடுக்கின்ற அதே பூட்டு, உள்ளே தனித்திருக்கும் குழந்தைக்குச் சிறையாகவும் மாறக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தோமா?

2025ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், இந்தியாவின் ஆந்திர மாநிலம் விஜயநகரம் அருகேயுள்ள துவாரபூடி என்னும் ஊரில், விளையாடிக்கொண்டிருந்த நான்கு சிறுவர் சிறுமியர் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு காருக்குள் ஏறினர். கதவுகள் பூட்டிக்கொண்டன. நால்வரும் மூச்சுத்திணறி மாண்டனர். ஊர் நடுவே, பகற்பொழுதில் நடந்த கொடுமை இது. நம் நாட்டிலும் காரில் விடப்பட்ட குழந்தைகள் மாண்ட செய்திகளை நாளிதழ்களில் ஒருமுறையன்று, பலமுறை படித்துவிட்டோம்.

பழைய மகிழுந்துகள் பலவற்றில் கண்ணாடியைக் கையால் சுழற்றி இறக்கலாம். கதவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழை இழுத்தால் பூட்டு விடுபடும். பார்த்துப் பார்த்தே பிள்ளைகள் அதனைக் கற்றனர். இன்றோ கண்ணாடிகள் மின்விசையால் இயங்குகின்றன. இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் அவை அசையா. பின்கதவுகளில் ‘சைல்டு லாக்’ போட்டிருந்தால், உள்ளிருந்து எவ்வளவு இழுத்தாலும் அக்கதவுகள் திறவா.

வெயிலோ காத்திருப்பதில்லை. மூடிய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரி 22 பாகை செல்சியஸ் உயர்வதாகவும், அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணி நேரத்திலேயே ஏற்பட்டுவிடுவதாகவும் 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு கூறுகிறது. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்தாலும் பெரிய பயன் இல்லை. வெளியே 32 பாகை என்றால் உள்ளே அரைமணியில் 50 பாகையை எட்டலாம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறும். “தம்பி தூங்குகிறான், இரண்டே நிமிடம்தான், அக்காவை அழைத்து வந்துவிடுகிறேன்” என்று பள்ளி வாசலில் காரைப் பூட்டிவிட்டு இறங்கும் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும். குழந்தையைத் தகுந்த கண்காணிப்பின்றி விட்டுச் செல்வோர்க்கு 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 33ஆம் பிரிவு, 20,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது.

பூட்டைக் குறை கூறிப் பயனில்லை. திறக்கும் வழியைப் பிள்ளைக்குக் கற்பிப்பதே நம் கடமை. பள்ளிகளில் தீயணைப்புப் பயிற்சி நடத்துகிறோம். அதனோடு இன்னும் பத்து நிமிடம் செலவிட்டு இவற்றையும் கற்பிக்கலாமே:

1. பின்கதவு திறக்கவில்லையெனில் முன்னிருக்கைக்குத் தாவிச் செல். ‘சைல்டு லாக்’ முன்கதவுகளில் இல்லை.

2. முன்கதவின் பூட்டை விடுவித்துப் பிடியை இழு. சில கார்களில் பிடியை இருமுறை இழுக்க வேண்டும்.

3. முடியவில்லையெனில் ஹாரனை விடாமல் அழுத்து. பல கார்களில் சாவி இல்லாமலும் அது ஒலிக்கும்.

கார்தோறும் அமைப்பு வேறுபடும். சிலவற்றில் வெளியிலிருந்து பூட்டிவிட்டால் உள்ளிருந்து திறக்கவே இயலாது. ஆகவே பெற்றோர், தம் காரிலேயே, தாமும் உடன் அமர்ந்து ஒருமுறை செய்து காட்டுதல் வேண்டும்.

“திறக்கக் கற்றுக்கொடுத்தால் ஓடும் காரில் கதவைத் திறந்துவிடுவானே!” என்று சிலர் கேட்கலாம். நியாயமான அச்சமே. அதற்காகத்தான் பிள்ளையைப் பின்னிருக்கையில் அமர்த்தி, வார் பூட்டி, ‘சைல்டு லாக்’கும் போடுகிறோம். கார் நின்றிருக்கும்போது, பெரியவர் எவரும் இல்லாதபோது மட்டுமே இந்தப் பாடம் என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். நெருப்பைக் காட்டித்தானே நெருப்பின் எச்சரிக்கையைக் கற்பிக்கிறோம்?

ஆனால், பேசவும் தெரியாத மழலைக்கு எந்தப் பாடமும் உதவாது. அக்குழந்தைக்கு நாமே காவல். இறங்குமுன் பின்னிருக்கையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கைப்பையைப் பின்னிருக்கையில் வைத்துப் பழகுங்கள். வீட்டு வாசலில் நிற்கும் வெற்றுக் காரை எப்போதும் பூட்டிச் சாவியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பூட்டிய காருக்குள் தனித்திருக்கும் குழந்தையை எங்கேனும் கண்டால் “யார் வீட்டுப் பிள்ளையோ” என்று கடந்து செல்லாமல், உடனே 999ஐ அழையுங்கள். குழந்தை சோர்ந்து கிடந்தால் குழந்தைக்கு எட்டத்தில் உள்ள கண்ணாடியை உடைக்கவும் தயங்காதீர்.

கண்ணாடியை மாற்றிவிடலாம். பிள்ளையை?