ஒயில் விளக்கு எரிந்தால்

எனது மொறிஸ் மைனரின் எஞ்சினை அண்மையில் முழுமையாகக் கழற்றிப் பூட்டுவித்தேன். மூன்றாம் நாளே, எஞ்சின் சூடேறி மெதுவாக ஓடும்போது ஒயில் விளக்கு மினுங்கத் தொடங்கியது. பூட்டித் தந்த கராஜ்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "தடிப்பான ஒயில் விடுவம் ஐயா, நிண்டிடும்" என்றார். விட்டோம். விளக்கும் அணைந்தது. எனக்குத்தான் நிம்மதி வரவில்லை.

யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிய நோயல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் கார்களை என் வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். எரியாது மிஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்தது. ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது! அளவுகோலை இழுத்து மணந்து பார்த்தே காரணம் சொன்ன மெக்கானிக்குகள் அன்று இருந்தார்கள்.

ஒயில் பம்ப் அனுப்புவது ஓட்டத்தை மட்டுமே. கிறாங்க் தண்டுக்கும் பெயரிங்குக்கும் இடையிலுள்ள மிக நுண்ணிய இடைவெளி அந்த ஓட்டத்தைத் தடுப்பதால்தான் அமுக்கம் பிறக்கிறது. இடைவெளி அகன்றால் அமுக்கம் விழும். தடிப்பான ஒயில் அகன்ற இடைவெளியிலும் மெதுவாகவே கசியும். ஆகவே விளக்கு அணையும், தேய்மானம் தொடரும். காய்ச்சல்காரனின் வெப்பமானியைப் பிடுங்கி ஒளித்து வைப்பது போன்ற வைத்தியம் இது.

கொக்குவிலில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் சரியான தரத்து ஒயிலை மாற்றினார். பிறகு விளக்கின் சுவிச்சைக் கழற்றி, அந்தத் துளையில் அமுக்கமானியைப் பூட்டினார். சுவிச்சே பழுதாக இருக்கலாம் அல்லவா? சூடேறிய எஞ்சினில் ஆயிரம் சுற்றுக்குச் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் என்பது பொதுவான கணக்கு. வேகத்தோடு அமுக்கம் நன்கு ஏறி, சூட்டில் மெதுவாக ஓடும்போது மட்டும் விழுந்தால் பெயரிங்கைச் சந்தேகிக்கலாம். எனது காரில் எந்த வேகத்திலும் ஏறவில்லை. அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு இந்த எஞ்சினில் வெளிப்புறத்திலேயே, ஒரு குமிழ் நட்டுக்குள் இருக்கிறது. எஞ்சினை இறக்காமலே திறந்தார். வால்வு முழுதாக மூடாதபடி ஓர் உலோகத் துகள் சிக்கியிருந்தது. பூட்டுமுன் எஞ்சினைச் சரியாகக் கழுவாததன் எச்சம். அடிமூடியைக் கழற்றிப் பார்த்தபோது புதிய பெயரிங்குகளில் கோடுகள் விழுந்திருந்தன.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இன்றும் புதியது வாங்க வசதியற்றவர்கள் பழைய எஞ்சினிலேயே இலட்சங்களைக் கொட்டுகிறார்கள். அவர்களிடம் பணம் வாங்குவோர் கிறாங்கை எவ்வளவு அரைத்தோம், பெயரிங் இடைவெளி என்ன, சூட்டில் அமுக்கம் எத்தனை என்று மூன்று எண்களையாவது எழுதித்தரக் கடமைப்பட்டவர்கள். எனக்குக் கிடைத்த பற்றுச்சீட்டில் 'எஞ்சின் முழு வேலை' என்ற மூன்று சொற்களும் ஒரு தொகையும்தான் இருக்கின்றன.