'செயலிழப்பு' என்னும் சொல் மறைப்பது

1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் கேரவெல் ஜெட் விமானத்தின் வலது எஞ்சின், மேலெழுந்த சற்று நேரத்தில் பழுதுற்றது. தரையிறங்கத் திரும்பிய விமானம் வீழ்ந்தது. 95 பேரும் மாண்டனர்.

இரட்டை எஞ்சின் ஜெட்டில் ஒன்று நின்றாலும் மற்றொன்றால் மேலேற இயலும். வேகத்தையும் திசையையும் முதலில் காப்பதே விமானி பெறும் பயிற்சி. ஆனால், அன்று எஞ்சின் வெறுமனே நிற்கவில்லை. உலோகச் சோர்வால் கம்ப்ரசர் தட்டு சிதறி எரிபொருள் குழாயை அறுத்தது; தீ மூண்டது; ஹைட்ராலிக் அழுத்தம் அற்று விமானம் கட்டுப்பாட்டை இழந்தது.

நின்றதையும் சிதறியதையும் 'எஞ்சின் செயலிழப்பு' என்றே குறிக்கிறோம். முன்னது விமானியின் திறனைச் சோதிப்பது. பின்னதில் வடிவமைப்பும் பராமரிப்புமே விடைசொல்ல வேண்டும். இவ்விரண்டையும் வேறு சொற்களால் சுட்டாதவரை, 'விமானி ஏன் காக்கவில்லை?' என்னும் வினா மாண்டவர்மீதே விழும்.