கூரை பறந்ததற்குக் காற்று மட்டும்தான் காரணமா?

பருவக்காற்று மாறும் மாதங்கள் வந்துவிட்டால் நம் நாளிதழ்களில் ஒரே மாதிரியான செய்தி திரும்பத் திரும்ப வருகிறது: பலத்த காற்றுடன் பெய்த மழையில் வீடுகளின் கூரைகள் பறந்தன, குடும்பங்கள் தவிப்பு, உதவிப் பொருள்கள் வழங்கப்பட்டன. சில நாள்களில் புதிய தகரம் போடப்படுகிறது. "இயற்கைச் சீற்றம்" என்று சொல்லிவிட்டு நாமும் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

நான் கட்டுமானப் பொறியியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவன். மரக் கட்டுமானம் பற்றிய பாடம் தொடங்கியதிலிருந்து இத்தகைய செய்திப் படங்களை வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஒரே வரிசை, ஒரே காற்று. ஒரு வீட்டின் கூரை போய்விட்டது, பக்கத்து வீட்டின் கூரை அப்படியே இருக்கிறது. இந்த வேறுபாட்டுக்கு விடை பல நேரங்களில் மரமும் மரமும் சேரும் இடத்தில்தான் கிடைக்கிறது.

காற்று மேலே தூக்குகிறது

காற்று வீட்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்பது நமக்குத் தெரியும். கூரைக்கு மேல் வேகமாகப் பாயும்போது அது கூரையை மேல்நோக்கி இழுக்கவும் செய்கிறது. ஜன்னலோ கதவோ உடைந்து காற்று உள்ளே புகுந்தால், கீழிருந்தும் தள்ளுகிறது.

காற்றுச் சுமைக்கான மலேசியத் தர நிர்ணயமான எம்.எஸ். 1553, தீபகற்பத்தின் ஒரு மண்டலத்துக்கு விநாடிக்கு 33.5 மீட்டர் என்ற அடிப்படைக் காற்று வேகத்தைக் குறிப்பிடுகிறது. அதாவது மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். இயற்பியல் பாடத்தில் வரும் சூத்திரப்படி கணக்கிட்டால், இந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் கிடைக்கும். அதே அளவு பரப்புள்ள மெல்லிய கூரைத் தகரத்தின் எடையோ சுமார் 5 கிலோதான். வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். எனவே கூரையின் சொந்த எடை அதைக் காப்பாற்றாது. அதைக் கீழே பிடித்து வைத்திருப்பவை இணைப்புகளே.

மரச்சட்டத்தில் சாய்வாக அடித்த ஆணியை மேல்நோக்கி இழுத்தால் அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதே ஆணியைக் குறுக்காக வெட்ட முயன்றால் பல மடங்கு விசை வேண்டும். உலோக இணைப்பிகள் இந்த எளிய உண்மையைப் பயன்படுத்துகின்றன. தரைப்பலகையைத் தாங்கும் விட்டத்தின் முனையை 'ப' வடிவிலான எஃகுக் கிண்ணம் ஒன்றில் உட்கார வைத்து, அதைப் பெரிய உத்தரத்தோடு ஆணியடித்துப் பிணைப்பார்கள். இதுதான் ஜாய்ஸ்ட் ஹேங்கர். கைமரத்தைச் சுவரின் மேல் சட்டத்தோடு பிணைக்கும் பட்டைகளும் உண்டு. விட்டத்தைக் காற்று தூக்கப் பார்க்கும்போது, ஆணிகள் பிடுங்கப்படாமல் குறுக்கே நின்று தாங்குகின்றன.

தரைக்கும் காற்றுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஓர் அட்டைப் பெட்டியின் மூடியையும் அடிப்பாகத்தையும் வெட்டி எடுத்துவிட்டுப் பக்கத்தைத் தள்ளிப் பாருங்கள், உடனே சரிந்துவிடும். வீட்டின் தரையும் கூரையும் அப்படித்தான் சுவர்களை நிமிர்த்திப் பிடிக்கின்றன. தூண்கள் மேல் நிற்கும் பலகை வீட்டில் கூரை சுவரோடும், சுவர் தரையோடும், தரை தூணோடும், தூண் அடித்தளத்தோடும் பிணைந்திருக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனால் சங்கிலி முழுவதும் வீண்.

டார்வினும் புளோரிடாவும்

1974ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அதிகாலையில் டிரேசி சூறாவளி ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தைத் தாக்கியது. விமான நிலையத்தின் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டர் வேகத்தைப் பதிவு செய்துவிட்டுச் செயலிழந்தது. 66 பேர் உயிரிழந்தனர். நகரின் பெரும்பாலான வீடுகள் அழிந்தன. 30,000க்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. தூண்கள் மேல் கட்டப்பட்ட பல வீடுகளில் கூரையும் சுவர்களும் போய், வெறும் தரை மட்டும் மிஞ்சியது. ஆய்வு செய்த பொறியாளர்கள் கண்டது இதுதான்: காற்றின் தொடர் அசைவில் கூரைத் தகடுகள் பிணைப்பு இடங்களில் களைத்துக் கிழிந்தன, கூரை போனதும் சுவர்கள் பிடிப்பை இழந்து விழுந்தன. அதன்பின் அங்கே கூரையிலிருந்து அடித்தளம் வரை தொடர்ந்து பிணைப்பது கட்டாயமானது. 1977இல் டவுன்ஸ்வில்லில் சூறாவளிச் சோதனை நிலையமும் தொடங்கப்பட்டது.

1992இல் ஆண்ட்ரூ சூறாவளி தாக்கிய தெற்கு புளோரிடாவில் நல்ல கட்டடச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் கூரைப் பலகையில் அடித்த பிணைப்பூசிகள் பல இடங்களில் கீழிருந்த மரச்சட்டத்தைத் தொடவே இல்லை. சோதிக்க வேண்டியவர்கள் சரியாகச் சோதிக்கவில்லை. அதற்குப் பிறகு விதிகளும் மேற்பார்வையும் இறுகின. 2004இல் சார்லி சூறாவளி வந்தபோது, புதிய விதிகளின்படி கட்டப்பட்ட வீடுகளிலிருந்து வந்த காப்பீட்டுக் கோரிக்கைகள் பழைய வீடுகளைவிட 60 விழுக்காடு குறைவாக இருந்ததைக் காப்பீட்டுத் துறையின் ஆய்வு காட்டியது.

நமக்கு இது தேவையா?

"நம் நாட்டில் சூறாவளி வருவதில்லையே" என்பது வழக்கமான பதில். 2001 டிசம்பரில் வாமெய் புயல் ஜொகூரில் கரை கடந்தது. 2025 நவம்பரில் சென்யார் புயல் மலாக்கா நீரிணையிலேயே உருவானது. இவை அபூர்வம்தான். ஆனால் கூரையைத் தூக்க சூறாவளி தேவையில்லை. சிங்கப்பூரின் தெங்காவில் 1984 ஏப்ரலில் மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவாகியுள்ளது.

தரை முழுவதும் சிமெண்டான தாமான் வீட்டுக்கு ஜாய்ஸ்ட் ஹேங்கர் வேண்டியதில்லை. கூரைச் சட்டத்தைச் சுவர் உத்தரத்தோடு கட்டும் பட்டைதான் அங்கே முக்கியம். எனக்குக் கவலை தருபவை மூன்று வகை: பழைய தோட்டப்புறப் பலகை வீடுகள், மரத்தளம் கொண்ட பழைய கடைவீடுகள், அனுமதியோ பொறியாளரோ இல்லாமல் பின்பக்கம் இழுத்துக் கட்டிய சமையலறைகள். இவற்றில் வாழ்பவர்கள் பெரும்பாலும் இன்னொரு கூரைக்குச் செலவு செய்ய முடியாதவர்கள்.

அதனால் என் கருத்து இதுதான். புயலுக்குப் பின் கொடுக்கப்படும் உதவியில் தகரத்தோடு உலோக இணைப்பிகளும், அவற்றைப் பொருத்தத் தெரிந்த ஒருவரின் கூலியும் சேர வேண்டும். ஓர் இணைப்பியின் விலை சில ரிங்கிட்தான். பழைய ஆணியால் பழைய முறையில் போட்ட புதிய தகரம் அடுத்த காற்றுக்கும் தாங்காது. நகராண்மைக் கழகங்களும் சீலிங் மூடப்படுவதற்கு முன்பே இணைப்புகளைப் பார்வையிட வேண்டும். மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது.

இணைப்பி இருந்தால் மட்டும் போதாது. எல்லாத் துளைகளிலும் சரியான ஆணி இருக்க வேண்டும். சாதாரணத் திருகாணி வளையாமல் சட்டென்று உடைந்துவிடும். கடலோரத்தில் துருப்பிடிக்காத எஃகு தேவை. கரையான் அரித்த மரத்தில் எந்த இணைப்பியும் நிற்காது.

உங்கள் வீட்டில் சீரமைப்பு வேலை நடந்தால், குத்தகையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இந்தக் கூரையை எது கீழே பிடித்திருக்கிறது?" அவர் இணைப்பைக் கையால் காட்டினால் நல்லது. தகரத்தின் எடையைக் காரணம் சொன்னால், மேலே உள்ள கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.