ஐடில்வைல்டு: ஏரிக்கரையில் கிடைத்த விடுதலையும் கிடைக்காத மூலதனமும்

பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்ளும் முறைக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் முற்றுப்புள்ளி வைத்தது. சட்டம் நிறம் பார்க்கக் கூடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். தடைகளை நீக்கிவிட்டாலே சமத்துவம் வந்துவிடும் என்ற இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க, மிச்சிகன் மாநிலத்தின் லேக் கவுண்டியில் உள்ள ஐடில்வைல்டு என்னும் ஏரிக்கரைச் சிற்றூரின் வரலாறு உதவும்.

அமெரிக்காவிலும் தீண்டாமை நீர்நிலைகளில் வெளிப்படையாக நிலவியது. 1919 ஜூலையில், சிகாகோவில் மிச்சிகன் ஏரியில் நீந்திய 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் வெள்ளையர் பகுதிக்குள் மிதந்து சென்றதற்காகக் கல்லெறியப்பட்டு மூழ்கி இறந்தான். அதையடுத்து மூண்ட வன்முறையில் 38 பேர் மாண்டனர். அவர்களுள் 23 பேர் கறுப்பினத்தவர். கறுப்பின மக்கள் அச்சமின்றி நீரில் இறங்குவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

அந்த இடம் நீதியுணர்வால் உருவானதன்று. 1836 உடன்படிக்கையின் மூலம் ஒடாவா, ஒஜிப்வே பழங்குடிகளிடமிருந்து பெறப்பட்ட நிலப்பரப்பு அது. மரக் கம்பெனிகள் பைன் காடுகளை வெட்டித் தீர்த்தபின், வேளாண்மைக்கு உதவாத மணற்பாங்கான நிலமே எஞ்சியது. 1912இல் வெள்ளை முதலீட்டாளர்கள் சிலர் அதை மனைகளாகப் பிரித்து, சிகாகோ, டெட்ராய்ட் முதலிய நகரங்களின் கறுப்பின மக்களிடம் விற்கத் தொடங்கினர். 25 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்ட மனையின் விலை 35 டாலர். முன்பணம் 6 டாலர், பின்னர் மாதம் 1 டாலர். வேறெங்கும் வாங்க இயலாதோரிடம், வேறெவரும் வாங்காத நிலம் விற்கப்பட்டது.

ஆயினும் வாங்கியவர்கள் அதை ஓர் ஊராக எழுப்பினர். 1893இல் இதய அறுவை சிகிச்சை செய்து புகழ்பெற்ற டாக்டர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் அங்கு குடியேறி, 1931இல் அங்கேயே மறைந்தார். டபிள்யூ.ஈ.பி. டூபாய்ஸ் மனை வாங்கியதோடு, தாம் ஆசிரியராக இருந்த ‘தி கிரைசிஸ்’ இதழில் 1921இல் அவ்வூரைப் போற்றி எழுதினார். விடுதிகளும் உணவகங்களும் இசையரங்குகளும் பெருகின. 1950களின் கோடையில் வார இறுதிகளில் 25,000 பேர் வரை கூடியதாகச் சொல்லப்படுகிறது. அரேதா ஃபிராங்க்ளின், ஜாக்கி வில்சன் போன்ற கலைஞர்கள் அம்மேடைகளில் பாடினர்.

இக்காலம் முழுவதும் சட்டம் எங்கே நின்றது? கறுப்பினத்தவருக்கு வீடு விற்கலாகாது என்று பத்திரங்களில் எழுதப்பட்ட நிபந்தனைகளை 1926இல் உச்ச நீதிமன்றம் தனியார் ஒப்பந்தம் என்று கூறித் தொடாமல் விட்டது. 1948இல்தான், ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், அவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்த இயலாது என்று தீர்ப்பளித்தது. உடன் விசாரிக்கப்பட்ட வழக்குகளுள் ஒன்று டெட்ராய்டைச் சேர்ந்தது.

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் விடுதிகளையும் உணவகங்களையும் திறந்துவிட்டது. ஐடில்வைல்டின் விருந்தினர்கள் வேறிடங்களுக்குச் சென்றனர். கலைஞர்கள் கூடுதல் ஊதியம் தந்த மேடைகளுக்குப் போயினர். சில ஆண்டுகளிலேயே விடுதிகள் மூடப்பட்டன. இதை வைத்து, ‘ஒருங்கிணைப்பே ஊரை அழித்தது’ என்று முடிவு கட்டுவது பிழையாகும். விரும்பிய இடத்திற்குச் செல்லும் உரிமையை மக்கள் பயன்படுத்தியது குற்றமன்று. சிக்கல், சமத்துவம் ஒருவழிப் பாதையாக இருந்ததில்தான் உள்ளது. வெள்ளையர் விடுதிகளுக்குக் கறுப்பின வாடிக்கையாளர் கிடைத்தனர். கறுப்பினத்தவர் விடுதிகளை நாடி வெள்ளையர் வரவில்லை. சட்டம் நுகர்வோருக்குக் கதவைத் திறந்தது. உடைமையாளருக்குக் கடனையோ மூலதனத்தையோ தரவில்லை.

எஞ்சிய நிலமும் பாதுகாப்பாக இல்லை. வாரிசுகள் பல நகரங்களில் சிதறிக் கிடக்கும் சிறு மனைகளே வரிபாக்கி ஏலத்திற்கு எளிதில் இரையாகக் கூடியவை. மிச்சிகனின் ஓக்லாந்து கவுண்டியில் 8.41 டாலர் பாக்கிக்காக ஒரு வீடு 24,500 டாலருக்கு விற்கப்பட்டு, மிகுதிப் பணத்தையும் கவுண்டியே வைத்துக்கொண்டது. அது அரசமைப்புக்கு முரண் என மாநில உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆனால் இத்தீர்ப்பு மிகுதிப் பணத்தை மீட்டுத் தருமேயன்றி, நிலத்தை மீட்டுத் தராது.

அம்பேத்கர் இவ்விரு உரிமைகளையும் பிரித்தறிந்தவர். 1927இல் மகாத் குளத்தில் நீரருந்தும் உரிமைக்காகப் போராடினார். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐ.நா.விடம் அளித்த மனுவின் படிகளைக் கேட்டு 1946இல் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டே ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில், பட்டியல் சாதியினருக்குத் தனிக் குடியிருப்புகளையும் அவற்றுக்கான நிலத்தையும் அரசு உறுதிசெய்ய வேண்டும் என்றார். முதலாவது அரசமைப்பின் 15(2) பிரிவாக, கடைகளும் உணவகங்களும் குளங்களும் படித்துறைகளும் அனைவருக்கும் பொது என்னும் விதியாக இடம்பெற்றது. இரண்டாவது இடம்பெறவில்லை.

நுழையும் உரிமை உடைமை உரிமைக்கு மாற்றன்று. கலிபோர்னியாவில் 1924இல் ஒரு கறுப்பினக் குடும்பத்திடமிருந்து பறிக்கப்பட்ட புரூஸ் கடற்கரை, 2022இல் வாரிசுகளிடம் திருப்பித் தரப்பட்டது. அரசு எண்ணினால் ஈடுசெய்ய முடியும் என்பதற்கு அது சான்று. பாகுபாட்டுத் தடைச் சட்டங்களைக் காட்டி நிலக் கோரிக்கையை ஒத்திவைக்கும் அரசுகளிடம், கடன் யாருக்கு, பட்டா யார் பெயரில், ஏலத்தில் எடுத்தவர் யார் என்னும் கணக்கை நாம் கேட்க வேண்டும்.