கதை விளையாட்டைத் தடுக்கவும் வேண்டாம், அப்படியே எடுக்கவும் வேண்டாம்



"ஆசிரியர்மாரே சேர்ந்து பிள்ளைகளுக்குப் பேய், சூனிய விளையாட்டுப் பழக்குகிறார்களாம்" என்று நமது வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு பேச்சு ஓடுகிறது. சிலர் நேரிலும் கேட்டார்கள். கேட்டது நல்லது. அந்த விளையாட்டை நடத்தும் ஆசிரியர்கள் நாங்கள் என்பதால், கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறோம். நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் இது என்ன விளையாட்டு? 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் இப்படிச் செய்கிறேன்" என்று வாயால் சொல்லி விளையாடுவார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிப்பார்கள். திரை இல்லை, போன் இல்லை. ஒரு மேசையும் கொஞ்சம் கடதாசியும் போதும். நமது பிள்ளைகள் சிலர் இதை யூடியூபில் பார்த்துவிட்டுத் தாங்களாகவே தொடங்கியிருந்தார்கள். நாங்கள் பிறகுதான் போய்ச் சேர்ந்தோம்.

பயப்படுகிறவர்களின் பயத்தை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. 1980களில் அமெரிக்காவிலேயே கிறிஸ்தவ அமைப்புகள் சில, இது பிள்ளைகளுக்குச் சூனியம் பழக்குகிறது என்று பெரிய பிரசாரம் செய்தன. மூல விளையாட்டில் பகடை இருக்கிறது, மந்திரவாதி இருக்கிறார், பல தெய்வங்கள் இருக்கின்றன. அதை அப்படியே கொண்டுவந்து நமது பிள்ளைகளின் கையில் கொடுப்பதை நாங்களும் ஏற்கமாட்டோம். ஆனால் இந்த விளையாட்டின் சிறப்பே அதை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான். அதன் அடிப்படை விதிகளை யாரும் எடுத்து, மொழிபெயர்த்து, மாற்றிப் பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் அந்த நிறுவனமே பொது உரிமத்தில் விட்டுவிட்டது.

முதலாவது, பகடை. 'நர்த்' எனும் பகடை ஆட்டத்தைக் கடுமையாகக் கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பணயம் வைக்காவிட்டாலும் கூடாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இதில் வாதாடிக்கொண்டிருப்பதைவிட பகடையை எடுத்துவிடுவது எளிது, எடுத்துவிட்டோம். பத்துத் துண்டுக் கடதாசியில் 1 முதல் 10 வரை எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டோம். காசு இல்லை, பந்தயம் இல்லை, குறி பார்ப்பதும் இல்லை. ஒருவர் தோற்று மற்றவர் வெல்வதும் இல்லை. வென்றால் ஐந்து பேரும் வெல்வார்கள், தோற்றால் ஐந்து பேரும் தோற்பார்கள். இதற்குப் பிறகும் தயக்கம் இருப்பவர்கள் தங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்களும் கேட்டுத்தான் தொடங்கினோம்.

இரண்டாவது, சூனியம். அது நமக்கு விளையாட்டுப் பொருள் அல்ல, பெரும்பாவம். ஜின் என்பதும் நமக்குக் கற்பனை அல்ல, நம்பிக்கை. 1992இல் இதே விளையாட்டுக்கு 'அல்-காதிம்' என்ற பெயரில் ஓர் அரபு உலகத்தை உருவாக்கினார்கள். ஆயிரத்தோரு இரவுகளின் சாயலில் ஜின்னும் பறக்கும் கம்பளமுமாக இருந்தது. நம்மைப் பற்றிய கதையை வெளியார் கட்டினால் அப்படித்தான் வரும். எங்கள் மேசையில் ஜின் இல்லை, மலக்கு இல்லை, நபிமார் இல்லை, மந்திரவாதி இல்லை. அந்த இடத்தில் நாட்டு வைத்தியர், வழிகாட்டி, மாட்டுக்காரர், கணக்குப்பிள்ளை இருக்கிறார்கள்.

மூன்றாவதாக, "கதையே பொய்தானே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். மிருகங்கள் பேசும் 'கலீலா வதிம்னா'வை எட்டாம் நூற்றாண்டிலேயே இப்னுல் முகஃப்பஃ அரபியில் தந்தார். முஸ்லிம் உலகம் அதை நூற்றாண்டுக் கணக்காக வாசித்து வருகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை, 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை நடத்தியவர், பாடசாலைகளுக்காக அலைந்தவர். அவர்தான் 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற சாகசக் கதையையும் எழுதினார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கல்விக்காக உழைத்த மனிதர், கதை எழுதுவதை வீண் வேலை என்று நினைக்கவில்லை.

இனி, எடுத்ததற்குப் பதிலாக என்ன வைத்தோம் என்று சொல்கிறோம். நமது மூதாதையரின் தவளத்தை வைத்தோம். கண்டி மன்னர் காலத்தில் 'மடிகே பத்த' என்ற பொதிமாட்டுப் போக்குவரத்துப் பகுதியில் முஸ்லிம்கள் பெருமளவில் வேலை செய்தார்கள். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறும், மலையிலிருந்து பாக்கு இறங்கும். இதைப் பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் படித்து மறந்துவிடுகிற பிள்ளைகள், இப்போது திருகோணமலையிலிருந்து தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் பன்னிரண்டு பொதி உப்பைக் கொண்டுபோக வேண்டும். அம்பன் கங்கை பெருகியிருக்கும். காட்டில் யானை நிற்கும். வரைபடத்தை நக்கிள்ஸ் மலையைப் பார்த்துப் பிள்ளைகளே கீறினார்கள். நாலந்தா கெடிகே இன்று நிற்கும் இடம் அதன் பழைய இடம் அல்ல, போவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டியபோது கல் கல்லாகக் கழற்றி மேலே கொண்டுவந்தார்கள் என்பதையும் அந்த வரைபடத்துக்காகத்தான் தேடி அறிந்தார்கள்.

விதி எளியது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், சுறுசுறுப்பு, அறிவு, பேச்சு என்று நான்கு தகைமைகள். மொத்தம் எட்டுப் புள்ளிகளைப் பிள்ளையே பிரித்துக்கொள்ளும். ஒன்றைச் செய்யப் பார்த்தால் டின்னிலிருந்து ஒரு துண்டு எடுத்து, அந்தத் தகைமையின் புள்ளியைக் கூட்ட வேண்டும். சாதாரண வேலைக்கு 8 வந்தால் போதும். கஷ்டமான வேலைக்கு 11 வேண்டும். பலம் 3 உள்ளவருக்குச் சாதாரண வேலை பத்துக்கு ஆறு தடவை கைகூடும், கஷ்டமானது மூன்று தடவைதான். எடுத்த துண்டைத் திரும்பப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பிள்ளை கேட்டது. நிகழ்தகவுப் பாடத்தில் நாங்கள் தொண்டை வறளக் கற்பிப்பது அங்கே தானாக வந்தது.

மூல விளையாட்டில் எதிரியைக் கொன்றால் புள்ளி ஏறும். அதையும் மாற்றினோம். பொதி போய்ச் சேர்ந்தால் புள்ளி, கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் புள்ளி. வாள் எடுக்கத் தடை இல்லை, ஆனால் அதனால் எந்த லாபமும் இல்லை. நான்கு வாரத்தில் யாரும் வாளைத் தேடவில்லை, பேச்சுக்குப் புள்ளி போடத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு நாள் கதையில் ஒரு கிராமம் வந்தது. மழையில் வழி அடைபட்டு உப்பில்லாமல் தவிக்கிறார்கள், இரண்டு பொதி கேட்கிறார்கள். "கொடுப்போம், ஸதகாதானே" என்றார்கள் மூன்று பேர். கணக்குப்பிள்ளையாக இருந்த பிள்ளை மறித்தது: "உப்பு நம்முடையது இல்லையே, அமானிதம்." அரை மணி நேரம் விவாதம். ஒருவர் பொருளில் இன்னொருவர் தர்மம் செய்யலாமா? பசித்தவரை விட்டுவிட்டுப் போகலாமா? கடைசியில், தங்கள் கூலியில் கழித்துக்கொள்ளும்படி முதலாளிக்குச் சொல்வதென்று ஐந்து பேரும் ஒத்துக்கொண்டு கொடுத்தார்கள். அமானிதம் பற்றி நாங்கள் எத்தனையோ காலைக்கூட்டத்தில் பேசியிருக்கிறோம். பிள்ளைகள் அதற்காகச் சண்டை பிடித்ததை அன்றுதான் கண்டோம்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சொல்கிறோம்? சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை நமது பிள்ளைகள் மாதக்கணக்கில் என்ன செய்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இரவு இரண்டு மணிவரை போனில் துப்பாக்கி விளையாட்டு. சந்தியில் நிற்கும் பிள்ளையைத் தேடி 'ஐஸ்' வருகிறது. இந்தக் கதை விளையாட்டு அதற்கெல்லாம் மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் "அது ஹராம், இது வீண்" என்று ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டு போனால், கடைசியில் திறந்திருப்பது சந்தி மட்டும்தான். தடுப்பதற்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் போதும். மாற்றி அமைப்பதற்குத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கை பெரியதல்ல.

பள்ளி நிர்வாகங்களும் நூலகங்களும் வாரத்தில் ஒரு நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு அறை தாருங்கள். பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியைகள் தனியாக நடத்துவார்கள். உலமாக்கள் ஒரு தடவை வந்து பக்கத்தில் இருந்து பாருங்கள். பிழை கண்டால் சொல்லுங்கள், அந்த விதியை அன்றைக்கே மாற்றுவோம். தவளம், பழைய பாதை, மிளகுத் தோட்டம் பற்றிக் கதை தெரிந்த அப்பாமாரும் உம்மம்மாமாரும் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அடுத்த பயணத்துக்குச் சரக்கு வேண்டும்.

வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை. இன்றைக்கு உங்கள் பிள்ளையிடம் "உப்பு எங்கே போய்விட்டது?" என்று கேட்டுப்பாருங்கள். போனிலிருந்து தலை நிமிர்ந்து பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, இந்த விளையாட்டு வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.

அல்லாஹ் நமது பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.